கரையில் நின்று சர்ஃப்பெர்ச் பிடிப்பது எப்படி: வடக்குக் கலிஃபோர்னியாவுக்கான முழு வழிகாட்டி

சர்ஃப்பெர்ச் பிடிக்கப் புதிதாக வருபவர்களில் பலர், மீன் இருக்கும் தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொண்டு மீன் இல்லாத தண்ணீருக்குத் தூண்டிலை வீசுகிறார்கள். இந்த மீனுக்கு ஆழக்கடல் தேவையில்லை. அலை உடைந்து நுரைத்துக் கரையைத் தொடும் இடத்தில், சில நேரம் முழங்கால் அளவுத் தண்ணீரில், மணலுக்குள் இருக்கும் சிறு நண்டுகளைத் தேடித் தின்கிறது. படகு வேண்டாம், விலை உயர்ந்த சாமான் வேண்டாம். வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

ஹாஃப் மூன் பே தொடங்கி மான்டரே விரிகுடா வரை உள்ள மணற்கரைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கமிருந்து வார இறுதியில் நண்பர்களை அழைத்துப் போகும்போது அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். இங்கே கரையில் அதிகம் கிடைப்பவை இரண்டு வகை: பக்கவாட்டில் மேலிருந்து கீழாகப் பட்டை விழுந்த பார்டு சர்ஃப்பெர்ச், துடுப்பும் வாலும் சிவந்த ரெட்டெயில். தெற்கே பார்டு அதிகம், வடக்கே போகப் போக ரெட்டெயில் அதிகம். பிடிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

1. கிளம்பும் முன்பே உரிமமும் விதிகளும்

16 வயது நிரம்பியவர்கள் கரையில் தூண்டில் போட உரிமம் வேண்டும். கலிஃபோர்னியா மீன் வனவிலங்குத் துறையின் தளத்திலேயே வாங்கலாம். முன்பெல்லாம் எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31 அன்று காலாவதியாகிவிடும். 2023 முதல், வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும் உரிமம் வந்துவிட்டது. பொதுக் கடற்பாலங்களில் உரிமம் இல்லாமல் பிடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பாலத்திலிருந்து இறங்கி மணலில் நின்றால் அந்தச் சலுகை கிடையாது. இதைக் குழப்பிக்கொண்டு அபராதம் கட்டியவர்கள் உண்டு.

வெளிக்கடலோரத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு எல்லா சர்ஃப்பெர்ச் வகைகளையும் சேர்த்து 20 மீன் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரே வகை 10க்கு மேல் போகக் கூடாது. ரெட்டெயில் குறைந்தது 10.5 அங்குலம் இருக்க வேண்டும். அதனால் கிளம்பும்போதே ஒரு அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கண் மதிப்பு ஈர மீன் விஷயத்தில் எப்போதும் தாராளமாகவே சொல்லும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் உள்பகுதிக்கு விதி வேறு: 5 மீன்தான், அதுவும் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை ஷைனர் என்ற சிறு வகை தவிர மற்ற சர்ஃப்பெர்ச் பிடிக்கத் தடை. அதற்கு மேல், விரிகுடாவுக்குள் பிடித்த சர்ஃப்பெர்ச்சை யாரும் உண்ண வேண்டாம் என்று மாநிலத்தின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலகமே சொல்கிறது. அந்த அடிமண்ணில் படிந்த பிசிபி என்ற ரசாயனம் மீனின் உடம்பில் சேர்ந்துவிடுகிறது. உண்பதற்காகப் பிடிக்கிறீர்கள் என்றால் வெளிக்கடலுக்குப் போங்கள்.

கடைசியாக, பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகள். மாஸ் பீச் பக்கமுள்ள மான்டாரா காப்பகம் போன்ற இடங்களில் தூண்டில் போடவே கூடாது. கரையில் எல்லா இடத்திலும் பலகை இருக்காது. துறையின் வரைபடத்தில் உங்கள் கடற்கரையைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எண்ணிக்கையும் அளவும் மாறக்கூடியவை என்பதால் அவற்றையும் அப்போதே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

2. முதலில் அலை, அப்புறம் ஏற்றம்

எல்லோரும் முதலில் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அலையை. நேரம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அலை பெரிதாக இருந்தால் தூண்டிலின் ஈயக் குண்டு நிற்காது, இரை நிற்காது, நீங்களும் நிற்க முடியாது.

தேசிய வானிலைச் சேவையின் கடலோர முன்னறிவிப்பில் இரண்டு எண்கள் இருக்கும்: அலையின் உயரம், அடுத்தடுத்த அலைகளுக்கு இடையே உள்ள நொடிகள். உயரம் 4 அடிக்குள் இருந்தால் நல்லது. 5 அடி சமாளிக்கலாம். அதற்கு மேல் புதியவர் போக வேண்டாம். நொடிகளையும் விட்டுவிடாதீர்கள். 8 நொடி இடைவெளியில் வரும் 4 அடி அலை காற்றால் எழுந்த சிறு கொந்தளிப்பு. 16 நொடி இடைவெளியில் வரும் அதே 4 அடி அலை, தொலைதூரப் புயலிலிருந்து வலுவைச் சுமந்து வருவது. கரையில் நீங்கள் எதிர்பார்க்காத உயரம் வரை ஏறும். கடலில் இந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க அலையை அளந்து சொல்லும் மிதவைகள் உண்டு: ஹாஃப் மூன் பேக்கு வெளியே 46012 எண் மிதவையும், மான்டரேக்கு வெளியே 46042 எண் மிதவையும் இருக்கின்றன. காரை எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"திருட்டு அலை" என்று நான் சொல்லும் விஷயம் இங்கேதான் வருகிறது. பத்து இருபது நிமிடம் கடல் அமைதியாக இருக்கும். அப்புறம் திடீரென்று ஒரு அலை, முந்தைய ஈரக் கோட்டைத் தாண்டி மேலே வரும். இந்தக் கடற்கரைகளில் ஆண்டுதோறும் இப்படி உயிர்கள் போகின்றன. தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரைதான். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் அந்தக் குளிரில் மூச்சு திணறும். போய்ச் சேர்ந்ததும் இருபது நிமிடம் உலர்ந்த மணலில் நின்று கடலைப் பாருங்கள். அந்த நேரத்தில் வந்த பெரிய அலை எங்கே வரை ஏறியது என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பையும் பிள்ளைகளும் அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும்.

சரி, அலை சாதகமாக இருக்கிறது. இப்போது ஏற்றம். மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் கடல் பார்த்து வளர்ந்த நம்மில் பலருக்கு ஏற்ற வற்றம் பெரிதாகப் பட்டிருக்காது, அங்கே வித்தியாசம் குறைவு. இங்கே ஒரே நாளில் 5, 6 அடி ஏறி இறங்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், உயரம் ஒன்றுபோல் இருக்காது. வற்றத்தில் காய்ந்து கிடந்த மணலின் மேல் தண்ணீர் ஏறும்போது, அங்கே புதைந்திருக்கும் நண்டுகளைத் தின்ன பெர்ச் பின்னாலேயே வரும். ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு முந்தைய இரண்டரை மணி நேரமும் அதற்குப் பிந்தைய அரை மணி நேரமும்தான் நான் நம்பும் நேரம். அது விடியற்காலையோடு சேர்ந்துவந்தால் இன்னும் நல்லது. காற்றும் குறைவு, ஆட்களும் குறைவு.

முதல் முறைக்கு எங்கே போவது? சான்டா குரூஸ் மாவட்டத்தின் மன்ரேசா, சன்செட் மாநிலக் கடற்கரைகளைச் சொல்வேன். மணல் நீளமாக இருக்கிறது, நடக்க இடம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச்சில் மீன் உண்டு, ஆனால் அங்கே கரையிலிருந்து கடலுக்கு இழுக்கும் ஓட்டம் பேர்போனது. கார்மெலுக்குத் தெற்கே உள்ள மொனாஸ்டரி பீச்சின் மணல் சறுக்குமரம் போலச் சரிந்து போகும். இந்த இரண்டும் புதியவருக்கு வேண்டாம்.

3. சாமான்: குறைவாகவே போதும்

எட்டு அல்லது ஒன்பது அடி நீளத்தில், நுனி மெலிந்து வளையும் ஒரு ராடு. 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். 8 அல்லது 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நைலான் நரம்பு. ராடு நீளமாக இருந்தால் சிறு அலைகளின் முதுகுக்கு மேல் நரம்பைத் தூக்கிப் பிடிக்க முடியும். நுனி மெலிதாக இருக்க வேண்டியதற்குக் காரணம், பெர்ச்சின் வாய் மென்மையானது. விறைத்த ராடு வாயைக் கிழித்துவிடும். பன்னிரண்டு அடி ராடும் தடித்த நரம்பும் வாங்கி வந்த நண்பர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவை வேறு மீனுக்கானவை.

இவற்றோடு: முக்கால் அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் எடையில் நடுவே துளையிட்ட முட்டை வடிவ ஈயம் சில, கொந்தளிப்பான நாளுக்கு 2 அவுன்ஸ் கூம்பு ஈயம் ஒன்றிரண்டு, சின்னச் சுவிவல்கள் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு வளையங்கள்), பிளாஸ்டிக் மணிகள், 6 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு ஒரு சுருள், 4 அல்லது 6 எண் முள். முள்ளின் எண் ஏற ஏற அளவு குறையும் என்பதை நினைவில் வையுங்கள். 1 எண் முள்ளைச் சின்னது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். மூக்கு நீண்ட இடுக்கி, கத்தரிக்கோல், அளவு நாடா, ஒரு சிறு வாளி, ஐஸ் போட்ட பெட்டி.

இடுப்பு உயர ரப்பர் உடை இல்லாமலே தொடங்குங்கள். அது போட்டதும் ஆழமாக இறங்கத் தோன்றும். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பி எழ முடியாமல் போகும். சீக்கிரம் உலரும் கால்சட்டையும் பழைய காலணியும் போதும், மாற்றுத் துணி காரில் இருக்கட்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரும் இடத்தில் நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டால், அது உடம்புக்கும் நல்லது, மீன் பிடிக்கவும் நல்லது.

4. வற்றத்தில் வந்து மணலைப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எல்லோரும் தவிர்க்கும் பகுதியும் இதுதான்.

முடிந்தால் வற்றத்தின் அடியில், அதாவது தூண்டில் போடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே கடற்கரைக்கு வந்துவிடுங்கள். ஏற்றத்தில் எல்லாம் ஒரே நுரையாகத் தெரியும் கடல், வற்றத்தில் தன் தரையைத் திறந்து காட்டும். கரையோடு அரை மைல் நடந்தால், மட்டமாகத் தெரிந்த மணலில் மேடும் பள்ளமும் இருப்பது தெரியும். கரைக்கு இணையாக ஓடும் வாய்க்கால் போன்ற பள்ளங்கள், அலை தோண்டிய தொட்டி போன்ற குழிகள், இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வெட்டுகள். இன்னும் மூன்று மணி நேரத்தில் மீன் இவற்றின் வழியாகத்தான் வரும். அலை தோண்டியெடுக்கும் நண்டும் புழுவும் பள்ளத்தில்தான் சேரும். பள்ளத்தில் தண்ணீர் கொஞ்சம் ஆழம் என்பதால் மீனுக்கும் அங்கே தைரியம்.

குழிகளைக் கண்டதும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மணலில் குச்சி நட்டால் கடல் கொண்டுபோய்விடும். திரும்பி மேட்டைப் பாருங்கள்: ஒரு வீட்டின் கூரை, படிக்கட்டு, சாய்ந்த சைப்ரஸ் மரம். "மூன்றாவது கம்பத்துக்கு நேர், நாற்பது தப்படி" என்று கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு படமும் எடுங்கள்.

வற்றத்தில் வர முடியாதவர்கள் என்ன செய்வது? தண்ணீரின் மேல்பரப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். திட்டு இருக்கும் இடத்தில் அலை முதலில் உடையும். பக்கத்திலேயே அலை உடையாமல் தள்ளிவந்து, தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரிந்தால், அது பள்ளம். கரைக்கோடு வளைந்து வளைந்து பிறை பிறையாக இருக்கும் கடற்கரையில், பிறையின் உள்வளைவில் நின்று பாருங்கள். நுரை ஒதுங்கிச் சுழலும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கும்.

கடலுக்குத் திரும்பும் வெட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மீன் இருக்கும், ஆனால் அது மனிதரையும் இழுத்துக்கொண்டு போகும் ஓட்டம். அதன் ஓரத்துக்கு, ஈர மணலில் நின்றபடி தூண்டிலைப் போடுங்கள். அதன் வாயில் கால் வைக்காதீர்கள்.

நடக்கும்போது மேல்மணலில் கயிறு கட்டிய பகுதிகளைச் சுற்றிப் போங்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஸ்னோயி பிளவர் என்ற சின்னப் பறவை அங்கே மணலிலேயே முட்டையிட்டிருக்கும். முட்டையும் மணல் நிறம்தான், மிதித்த பிறகுதான் தெரியும்.

5. இரை: காலடியில் கிடப்பதைத் தேடுங்கள்

பார்டு சர்ஃப்பெர்ச்சின் உணவில் பெரும்பகுதி மணல் நண்டு. கட்டைவிரல் நுனி அளவில், முட்டை வடிவில், கொடுக்கில்லாமல் இருக்கும். மெரினாவில் அலை வடியும்போது விறுவிறுவென்று மணலுக்குள் பின்னோக்கிப் புதைந்துகொள்ளும் பூச்சியைச் சின்ன வயதில் கையில் பிடித்திருப்பீர்கள். அதே இனத்தின் இன்னொரு வகைதான் இது.

கண்டுபிடிப்பது எளிது. அலை வடியும் மணலில், ஈரம் பளபளக்கும் அந்த இரண்டு நொடியில் குனிந்து பாருங்கள். அம்புநுனி போல நிறைய சின்ன வளைவுகள் தண்ணீரில் விழும். நண்டு தன் இறகு போன்ற உணர்கொம்பை நீட்டித் திரும்பும் தண்ணீரை வடிகட்டுவதால் உண்டாகும் கோடுகள் அவை. அந்த இடத்தில் இரு கைகளாலும் ஆழமாக மணலை அள்ளுங்கள். மேலோட்டமாகக் கீறினால் அதற்குள் புதைந்து போய்விடும். ஒருவர் 50 வரை எடுக்கலாம், இருபது முப்பது தாராளமாகப் போதும். மீதியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எடுத்ததில் எல்லாம் சமமல்ல. ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். நனைந்த காகிதம் போல அமுங்கினால், அது அப்போதுதான் ஓடு கழற்றிய நண்டு. அதைத் தனியாக வையுங்கள், நல்ல குழிக்காக. அடுத்தபடியாக, வயிற்றில் ஆரஞ்சு நிற முட்டை தாங்கியவை. ஓடு கெட்டியான நண்டும் வேலை செய்யும், கடி கொஞ்சம் குறையும்.

வாளியில் கடல்நீர் ஊற்றி நண்டைப் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. அசையாத தண்ணீரில் காற்றுக் குறைந்து ஒரு மணி நேரத்தில் சாகத் தொடங்கும். ஈர மணலைப் போட்டு அதன் மேல் வையுங்கள், நிழலில் காலை முழுக்க உயிரோடு இருக்கும்.

குளிர்காலப் புயல்கள் மணலை அடித்துக்கொண்டு போன பிறகு நண்டு கிடைப்பது அரிது. அப்போது கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் செயற்கை மணல்புழுவைப் பயன்படுத்துகிறேன். பெர்க்லி கல்ப் இரண்டு அங்குலப் புழு, பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். அலையில் உதிராது என்பதால், இரை மாட்டவே அரை நேரத்தைச் செலவிடும் புதியவருக்கு முதல் நாளில் இதுவே சரி என்றும் தோன்றுகிறது. நண்டைத் தேட வேண்டாம் என்று சொல்லவில்லை. நண்டு எங்கே குவிந்திருக்கிறதோ அதற்கு நேரே உள்ள தண்ணீரில்தான் மீனும் வரும். அதனால் செயற்கைப் புழு போடுகிறவரும் நண்டைத் தேடித்தான் ஆக வேண்டும்.

6. கட்டும் முறை

முள் கட்டிய முனை நரம்புத் துண்டுகளை, அதாவது லீடர்களை, வீட்டிலேயே வெளிச்சத்தில் இரண்டு மூன்று கட்டி எடுத்துவந்துவிடுங்கள். குளிரில் விரல் விறைத்த பிறகு 6 எண் முள்ளின் துளையில் நரம்பைக் கோப்பது பெரிய பாடு.

ரீலிலிருந்து வரும் நரம்பில் முதலில் முட்டை ஈயத்தைக் கோத்துவிடுங்கள். அடுத்து ஒரு பிளாஸ்டிக் மணி. பிறகு சுவிவலைக் கட்டுங்கள். சுவிவலின் மறுபக்கத்தில் 18 முதல் 24 அங்குல ஃபுளோரோகார்பன் லீடர், அதன் முனையில் முள்.

இதில் ஈயம் நரம்பின் மேல் தாராளமாக நகர வேண்டும். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு மட்டும் ஈயத்தின் வழியே ஓடும், பாரம் அதற்குத் தெரியாது. ஈயம் வந்து நேராக முடிச்சில் இடித்து இடித்து அதை நைந்துபோகச் செய்யாமல் இருக்கத்தான் நடுவில் மணி. லீடர் நீளமாக இருப்பதால் நண்டு தண்ணீரில் அலைந்தாடும், மணலிலிருந்து பிடுங்கப்பட்ட உண்மையான நண்டு போலவே.

முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே பலமிழக்கும். பெரிய மீன் முடிச்சில் அறுத்துக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு சோம்பல்தான் காரணம்.

நண்டை மாட்டும்போது வால்பக்கத்தின் அடியிலிருந்து முள்ளை ஏற்றி, முனை ஓட்டுக்கு வெளியே கொஞ்சம் தெரியும்படி விடுங்கள். முனை உள்ளேயே புதைந்திருந்தால் கடி விழும், மீன் மாட்டாது. செயற்கைப் புழுவானால் முள்ளின் தண்டில் நேராகக் கோத்து ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் சுழன்று நரம்பை முறுக்கும்.

7. எங்கே நிற்பது, எவ்வளவு தூரம் எறிவது

முதல் எறிவை ஈர மணலில் நின்று, கால் நனையாமலே எறியுங்கள். பத்துப் பதினைந்து கஜம் போதும். சரிவான கடற்கரையில் கரை ஓரத்தில் முதல் அலை மடங்கி விழும் இடத்துக்குக் கீழேயே ஒரு வாய்க்கால் இருக்கும். பெரிய மீன் பல நேரம் அதில்தான். நேராக உள்ளே நடந்து போனால் அவற்றை முதலிலேயே கலைத்துவிட்டீர்கள்.

விசிறி போல எறியுங்கள்: ஒன்று இடப்பக்கம் கரையோடு சாய்வாக, ஒன்று நேரே, ஒன்று வலப்பக்கம். அப்புறம்தான் கொஞ்சம் தூரம். அலை உடைந்து ஓடிய நுரையும் அதற்கு அப்பால் பச்சைத் தண்ணீரும் சேரும் கோடு எப்போதும் ஒரு எறிவுக்குத் தகுதியானது.

ஈயம் தரையைத் தொட்டதும் தளர்ந்த நரம்பைச் சுற்றி இழுவையில் வைத்துக்கொள்ளுங்கள். ராட்டை மணலில் நட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவது இந்த மீனுக்கு ஆகாது. ஒரு சுற்று, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு சுற்று என்று மிக மெதுவாக இழுத்துவாருங்கள். முட்டை ஈயம் அலையோடு உருளட்டும், அது உருண்டு போய் நிற்கும் இடம் பள்ளம். கடல் தன் இரையைச் சேர்க்கும் இடத்துக்கு உங்கள் இரையையும் அதுவே கொண்டுபோய் வைக்கிறது. ஆனால் போட்ட கணமே கரைக்கு அடித்துவந்துவிட்டால் எடை போதாது, ஒரு அவுன்ஸுக்கு மாறுங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் கூம்பு ஈயம். கூம்பும் நிற்கவில்லை என்றால் அன்றைக்குக் கடல் உங்களுக்கானது இல்லை, வீட்டுக்குப் போகலாம்.

அலை எப்போதும் உங்கள் பார்வையில் இருக்க வேண்டும். இரை மாட்டும்போதும் முடிச்சுப் போடும்போதும் மேலே ஏறி உலர்ந்த மணலுக்கு வந்துவிடுங்கள். குனிந்த தலையோடு தண்ணீர் ஓரம் நிற்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

பத்து நிமிடத்தில் ஒரு கடியும் இல்லையா? நகருங்கள். முப்பது தப்படி நடந்து அடுத்த குழிக்குப் போங்கள். பெர்ச் கூட்டமாகத் திரியும். ஒன்று கிடைத்த இடத்தில் இன்னும் இருக்கும், கிடைக்காத இடத்தில் எவ்வளவு காத்திருந்தாலும் வராது. என்னோடு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றவர்கள்தான்.

8. கடி விழுந்த பிறகு

இரண்டு மூன்று முறை டக் டக் என்று தட்டும். அலையின் இழுப்பு மெதுவாகவும் கனமாகவும் இருக்கும், மீனின் தட்டல் கூர்மையாக இருக்கும். அரை மணி நேரத்தில் கைக்கு வித்தியாசம் பிடிபட்டுவிடும். தட்டியதும் ராட்டைத் தலைக்கு மேல் பிடுங்கி இழுக்காதீர்கள். தளர்வைச் சுற்றிக்கொண்டே நுனியை நிதானமாக உயர்த்துங்கள், முள் தானே உதட்டில் ஏறும்.

ரீலிலிருந்து நரம்பு ஓடும் இறுக்கத்தை, அதாவது டிராக்கை, முன்பே தளர்வாக வைத்திருக்க வேண்டும். கையால் நரம்பைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் முனகிக்கொண்டு ஓட வேண்டும், 8 பவுண்டு நரம்புக்கு 2 பவுண்டு இழுப்பு போதுமானது.

மீனை இழக்கும் இடம் பெரும்பாலும் கடைசிப் பத்தடிதான். அலை வடியும்போது மீனின் எடையோடு மொத்தத் தண்ணீரின் எடையும் நரம்பில் சேரும். அந்த நேரத்தில் இழுத்தால் வாய் கிழியும், இல்லை நரம்பு அறும். வடியும்போது சுற்றாமல் பிடித்து நில்லுங்கள், வேண்டுமானால் இரண்டடி முன்னே நடந்து விட்டுக்கொடுங்கள். அடுத்த அலை ஏறும்போது அதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டே பின்னால் நடங்கள். அலையே மீனைத் தூக்கி ஈர மணலில் விட்டுவிட்டுப் போகும். அது இறங்கிய பிறகு போய் எடுங்கள், அடுத்த அலை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு.

9. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

முதலில் அடையாளம். பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடினால் பெர்ச். தலையிலிருந்து வாலுக்குக் கோடுகள் நீளவாக்கில் ஓடினால் அது ஸ்டிரைப்டு பாஸ், அதற்கு அளவும் எண்ணிக்கையும் வேறு விதி. பெர்ச்சிலேயே பார்டும் ரெட்டெயிலும் குழம்பும், இரண்டுக்கும் பட்டை உண்டு. துடுப்பின் சிவப்பைப் பாருங்கள். அப்புறம் முதுகுத் துடுப்பை விரித்துப் பாருங்கள்: முன்பக்க முட்கள் பின்பக்க மென்கதிர்களைவிட உயர்ந்து நின்றால் ரெட்டெயில், தாழ்ந்து இருந்தால் பார்டு. சந்தேகம் இருந்தால் 10.5 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சட்டத்தில் இல்லாதது. சர்ஃப்பெர்ச் முட்டையிடும் மீன் அல்ல, குட்டி போடும் மீன். பார்டு பெண்மீன் மாதக்கணக்கில் குட்டிகளை வயிற்றில் சுமந்து மார்ச் முதல் ஜூலைக்குள் ஈனும். ஒரு ஈற்றில் சராசரியாக முப்பது சொச்சம் குட்டிகள், பெரிய மீனில் நூறுக்கு மேலும் எண்ணியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு, ஒரு தாய் போனால் போனதுதான். நான் பிடிக்கத் தொடங்கிய ஆண்டில் ஒரு வசந்தகாலக் காலையில் பெரிய மீன் ஒன்றை வாளியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை பார்த்தபோது வாளியில் இரண்டு அங்குலக் குட்டிகள் பதினைந்து இருபது நீந்திக்கொண்டிருந்தன. பயத்தில் ஈன்றுவிட்டது. அன்று எல்லாவற்றையும் கடலில் விட்டேன். எத்தனை பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அதிலிருந்து, வசந்தத்தில் வயிறு பருத்த பெரிய பெண்மீனை நான் வைத்துக்கொள்வதில்லை. நடுத்தர அளவில் நான்கைந்து ஒரு குடும்பத்துக்கு நிறைவாகப் போதும்.

விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த மணலில் புரளவிடாதீர்கள். முள்ளை இடுக்கியால் எடுத்து, முழங்கால் தண்ணீரில் தலை கடலைப் பார்த்திருக்கும்படி பிடித்து, வாலை உதறும்போது விடுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள்.

10. ஐஸும் கத்தியும்

வைத்துக்கொள்வதைத் தலையில் ஒரு தட்டுத் தட்டி உடனே கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடித்து, ஐஸில் போடுங்கள். இந்த மீனின் சதை மென்மையானது. காலை முழுவதும் வாளித் தண்ணீரில் மிதந்தால் வீடு சேரும்போது குழைந்துவிடும். "சப்பென்று இருக்கிறது" என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ஐஸ் எடுத்துப் போகாதவர்கள்.

செதிலைச் சுரண்டி, வயிற்றுக்குள் உள்ள கருஞ்சவ்வைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், கசப்பு அதில்தான். சங்கராவைப் போல முழுசாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, எலுமிச்சை தடவி இரும்புக் கல்லில் போட்டால் நன்றாக வருகிறது. ஒருபக்கம் நன்றாக முறுகும் வரை புரட்டாதீர்கள், உடைந்துவிடும். குழம்பென்றால் புளியும் மசாலாவும் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு கடைசியில் போடுங்கள். ஐந்து நிமிடம் போதும், கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றிவிடுங்கள்.

கடற்கரையை விட்டுக் கிளம்பும் முன் அறுந்த நரம்புத் துண்டுகளைச் சட்டைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளின் காலில் சுற்றுவது அதுதான். வீட்டுக்கு வந்ததும் ராட்டையும் ரீலையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், வேகமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் ரீலுக்குள்ளே போய்விடும். அவை காய்வதற்குள் எந்தக் குழி, ஏற்றத்துக்கு எத்தனை மணி நேரம் முன்பு, அலை எத்தனை அடி, எந்த இரை என்று குறித்து வையுங்கள். அடுத்த பெரிய புயல் வரை அந்தக் குழி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். புயலுக்குப் பிறகு மறுபடி வற்றத்தில் நடக்க வேண்டியிருக்கும்.